கெட்டுப்போகாத ஊர்

ஜெசிந்தா வீட்டிலிருந்து கிண்ணம் வருவது எப்போது நின்றது என்று மணிமொழியால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் நின்றுவிடவில்லை. தினமும் வந்தது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்றாகி, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் சோற்றை வடித்து வைத்துவிட்டு, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று மாடி அறையில் காத்திருந்தபோதுதான், இனி வராது என்று புரிந்தது. அன்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

யார் மேலும் வருத்தப்பட முடியாது. கிண்ணம் நின்றதற்குக் காரணம் அவள் கொண்டுவந்த மருந்துதான்.

சங்குமுனைக்கு அவள் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தர்மபுரிப் பக்கத்துப் பெண். கடலை அதற்கு முன் கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. வேதியியலில் முதுகலை முடித்ததும், பேசத் தேவையில்லாத வேலையாகப் பார்த்துத் தேடினாள். ஒரு கடற்கரை ஊரில் தங்கி, கருவிகள் காட்டும் அளவுகளைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். விளம்பரத்தில் அவ்வளவுதான் இருந்தது.

வந்த அன்று சாயங்காலம் அவள் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. வீட்டுக்காரி ஜெசிந்தா படியேறி வந்து ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"வெளமீன் கொழம்பு. மிஞ்சிப்போச்சு. வச்சா கெட்டுப்போயிரும், தின்னுரு."

"ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமே அக்கா," என்றாள் மணிமொழி. கீழ்வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

ஜெசிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரு என்னன்னு சொன்ன?"

"மணிமொழி."

"பாத்துத்தான் வச்சிருக்காவ. வாயத் தொறந்தா முத்தால்லா கொட்டுது. புடிளா, கை வலிக்கு."

மறுநாள் அந்தக் கதை தெரு முழுக்கப் போய்விட்டது. கடைக்குப் போனால், கோயில் வாசலைக் கடந்தால், யாராவது ஒருத்தி அவள் குரலிலேயே "ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமே அக்கா" என்பாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மணிமொழிக்குக் காது சிவந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வீடுகளிலிருந்து கிண்ணம் வந்தது. ஒவ்வொருத்தியும் ஜெசிந்தா சொன்னதையேதான் சொன்னாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பைக் கொடுத்தாலும், கெட்டுப்போயிரும் என்றுதான் சொன்னாள்.

அது கொடுக்கும்போது சொல்கிற சொல் என்று விளங்கச் சில வாரங்கள் ஆயின. 'இந்தா, உனக்கு' என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. கொடுக்கிறவளுக்கு ஒரு தொல்லை, வாங்குகிறவள் அதைத் தீர்த்துவைக்கிறாள் என்பது போலத்தான் நடந்துகொண்டார்கள். வாங்குகிறவளும் நன்றி சொல்வதில்லை. "ஒனக்கு ஆளுக்குத் தக்கன அளவாப் பொங்கத் தெரியாதா?" என்று கொடுத்தவளையே திட்டிவிட்டு வாங்கிக்கொள்வாள்.

பிறகு மருந்து வந்தது.

அவள் வேலை பார்த்த திட்டத்தின் காகிதங்களில் அதற்கு நுண்படலம் என்று பெயர். ஊர்க்காரர்கள் மருந்து என்றார்கள். பங்குக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கூட்டம் போட்டு, திட்ட இயக்குநர் இளங்கோவன் சென்னையிலிருந்து வந்து விளக்கினார். மேடையில் ஏறாமல் பெண்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"உலகத்துல விளையறதுல, பிடிக்கிறதுல, மூணுல ஒரு பங்கு யார் வாய்க்கும் போகாமலே வீணாகுதும்மா. இன்னொரு பக்கம் பிள்ளைங்க பட்டினியாத் தூங்குது. ஐஸ் வைக்கலாம், ஃப்ரிட்ஜ் வைக்கலாம். ஆனா அதுக்கெல்லாம் கரண்டு. அந்தக் கரண்டுக்கு எரிக்கிற கரி, அதனால ஏர்ற சூடு, அந்தச் சூட்டுல இன்னும் சீக்கிரம் அழுகும் மீன். இது எங்கதான் முடியும்?"

அவர் ஒரு சின்னக் குப்பியை எடுத்து, தட்டில் இருந்த சாளை மீன்மேல் ஒரு அழுத்து அழுத்தினார். பனி போல ஏதோ படிந்து மறைந்தது.

"ஒரு தலைமுடியை நீளவாக்குல ஆயிரம் கீத்தாக் கிழிச்சா ஒரு கீத்து எவ்வளவு இருக்கும்? அதைவிடச் சின்னத் துகள் இது. மண்ணுலேர்ந்து எடுத்ததுதான். சாப்பாட்டு மேல உட்கார்ந்து ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கும். கண்ணுக்குத் தெரியாத தோல் மாதிரி. கிருமி உள்ள போகாது, உள்ள இருக்கிறதும் பெருகாது. வயித்துல இருக்கிற அமிலம் பட்டதும் கரைஞ்சு போயிரும்."

"அப்ப புளிக்கொழம்புல ஊத்துனா அதுலயே கரைஞ்சிராதா?" என்றாள் ஜெசிந்தா.

"வயித்து அமிலம் அதைவிட ரொம்பக் கடுமைம்மா. புளிக்கெல்லாம் கரையாது."

"எங்க மாமியா வைக்கிற கொழம்ப நீங்க தின்னதில்லல்லா."

மண்டபம் சிரித்து அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மெற்றில்டா. தெருக்கோடியில் தையல் மெஷின் வைத்திருக்கிறவள். மாலத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போன கணவன் அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். ஒரே மகள் ஆக்னஸ் திருநெல்வேலியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

"அப்ப இனிமே எதுவுமே கெடாதா சார்?" என்று கேட்டாள்.

"ஆறு மாசத்துக்குக் கெடாது. நான் பொறுப்பு."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. சில மாதங்களிலேயே ஊர் மாறியது. படகுகள் ஐஸ் கட்டியைச் சுமக்காமல் மீனைச் சுமந்தன. ஐஸ் கம்பெனி மூடப்பட்டு, அதில் இருந்தவர்கள் குப்பி நிரப்பும் கூடத்துக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. ஃப்ரிட்ஜுகளில் துணி மடித்து வைத்தார்கள். முன்பெல்லாம் உச்சிவெயில் ஏறியதும் மீன் விலை மளமளவென்று இறங்கும். இல்லாதவர்கள் அந்த நேரத்துக்குத்தான் கூடையோடு வருவார்கள். இப்போது மீன் காத்திருந்தது. விலையும் காத்திருந்தது. வெயில் ஏறியதும் கரையில் யாரும் இல்லை.

ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் மணிமொழி ஓர் எடைப்பலகை பொருத்தியிருந்தாள். சமைத்தது எவ்வளவு, வீட்டார் சாப்பிட்டது எவ்வளவு என்று அது சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'வீண்'. மருந்து வருவதற்கு முன் அந்த வீண் அதிகமாகவே இருந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் தேய்ந்து, ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இளங்கோவன் அந்தக் கோட்டை எல்லா நாட்டுக்காரர்களிடமும் காட்டினார். சரிந்து வந்து தரையைத் தொடும் ஓர் அழகான கோடு.

மாடியில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்தபடியேதான் மணிமொழி தினமும் சாப்பிட்டாள்.

*

மாதத்துக்கு ஒரு முறை ஊரார் எல்லோருக்கும் எடை பார்க்க வேண்டும். மெற்றில்டாவின் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. பார்வைக்குத் தெரியாது. அவள் தையல்காரி, ஜாக்கெட்டை அவ்வப்போது பிடித்துத் தைத்துக்கொண்டாள். எதுவும் தொளதொளவென்று தொங்கவில்லை. எடைமெஷினுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா, மறுபடியும் இறங்கியிருக்கு."

"மிசினு பழசாயிருக்கும்."

"போன மாசமும் அதையேதான் சொன்னீங்க."

"அப்ப போன மாசமே பழசாயிருக்கும். எழுது, எழுது. பின்னால நாலு பேரு நிக்காவல்லா."

"திட்டத்துல இலவசப் பொதி தர்றாங்க அக்கா. அரிசி, பருப்பு, மீன் எல்லாம் இருக்கும். பேர் மட்டும் கொடுத்தா..."

மெற்றில்டா எடைமெஷினிலிருந்து இறங்கி செருப்பை மாட்டினாள். "அது இல்லாதவங்களுக்குல்லா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மணிமொழி தானாகப் படியிறங்கி ஜெசிந்தாவின் அடுப்படி வாசலில் போய் நின்றாள். அப்படி அவள் போனதே இல்லை. ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மெற்றில்டா அக்கா இளைச்சுட்டே போறாங்க."

"எனக்குத் தெரியாதா?"

"முன்னாடி நீங்க எல்லாரும் கொடுப்பீங்கல்ல?"

ஜெசிந்தாவின் கத்தி நின்றது. "கொடுத்தோம். ஆறு வீட்டுக் கிண்ணம் போகும். அவ அடுப்புல ஒல கொதிச்சது பாதி நாளுதான். ஆனா யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாத மாதிரிதான் நடக்கும். இப்ப எப்பிடிளா குடுக்க? போன மாசம் கொண்டு போனேன். கெட்டுப்போயிரும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அவ என்னைய பாக்கா. நான் அவளப் பாக்கேன். 'வீட்ல மருந்து இல்லையாக்கா?'ங்கா. திரும்பி வந்துட்டேன்."

"சும்மா கொடுத்தா?"

"சும்மா குடுத்தா அதுக்குப் பேரு வேற."

 பிறகு ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "ஒனக்குந்தான். மருந்து வந்த புதுசுல எத்தன நாளு கிண்ணத்த எடுத்துட்டுப் பாதிப்படி ஏறிட்டு எறங்கிருக்கேன் தெரியுமா? என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

 பரவாயில்லை அக்கா என்று மணிமொழி சொல்ல நினைத்தாள். அதற்குள் ஜெசிந்தா கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மணிமொழி இளங்கோவனைப் போனில் அழைத்தாள். அவளாகவே அவரை அழைத்தது அதுதான் முதல் முறை. என்ன பேசுவது என்று மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"சார், நாம வீண்னு கணக்குப் போட்டது எல்லாம் வீண் இல்ல சார். அதுல நிறைய பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு. வீட்டார் சாப்பிடாததுனால நம்ம பலகை அதை வீண்னு எடுத்துக்கிச்சு."

அவர் யோசித்தார். "எவ்வளவு போயிருக்கும்?"

"தெரியாது சார். நாம அளக்கல."

"அளக்காததை வச்சு நான் என்னம்மா பேச முடியும்?"

"ஒரு அக்கா சாப்பாடு இல்லாம இளைச்சுட்டே போறாங்க சார்."

"இலவசப் பொதி இருக்கே. அதுக்குத்தானே வச்சிருக்கோம்?"

"வாங்க மாட்டேங்கிறாங்க. அது இல்லாதவங்களுக்குன்னு சொல்றாங்க."

"அவங்க இல்லாதவங்கதானே?"

மணிமொழிக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை வாக்கியமாக்க வரவில்லை.

"மணிமொழி," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "எங்கப்பா கருவாட்டு மூட்டை தூக்கினவர். மழையில நனைஞ்சு புழு வச்ச மூட்டையைத் திருப்பிக் கடல்லயே கொட்டிட்டு வருவார். அன்னைக்கு எங்க முகத்தைப் பார்க்காமலே படுத்துப்பார். அப்படி இன்னொரு அப்பா படுக்கக் கூடாதுன்னுதான் இருபது வருஷமா இதுல கிடக்கிறேன். ஒரு ஊர்ல ஒரு அம்மா ரோஷப்படறாங்கன்னு அதை நிறுத்த முடியுமா? நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

*

பொய் சொல்ல மணிமொழிக்கு வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவள் வேறு வழி யோசித்தாள். கெட்டுப்போயிரும் என்று சொல்ல வேண்டுமானால், உண்மையாகவே கெட்டுப்போகிற ஒன்றைக் கொண்டுபோக வேண்டும்.

விடியும்போது கரைக்குப் போய், மருந்து அடிக்கும் மேடைக்கு மீன் போவதற்கு முன்பே ஒரு படகிலிருந்து வாங்கினாள். "மருந்துப் புள்ளைக்கே மருந்து வேண்டாமா?" என்று படகுக்காரர் சிரித்தார். "ஆராய்ச்சிக்கு," என்றாள். அது முழுப் பொய்யில்லை. அறைக்கு வந்து தானே குழம்பு வைத்தாள். மீன் உடைந்து முள் தனியாக மிதந்தது, காரம் கூடிவிட்டது. குப்பியை எடுக்கவே இல்லை.

மெற்றில்டா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்து மிதியை நிறுத்தினாள்.

"மீன் குழம்பு அக்கா. மிஞ்சிப்போச்சு." மணிமொழி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "மருந்து அடிக்கல. வச்சா கெட்டுப்போயிரும்."

மெற்றில்டா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவள் காதுகளைப் பார்த்தாள். அவை சிவக்கவில்லை.

"ஒத்த ஆளுக்கு எம்புட்டுளா பொங்குவ? கூறுகெட்டவ," என்றபடி கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது மணிமொழி போனாள். கழுவிய பழைய கிண்ணத்தை வாங்கிக்கொள்வது, புதியதைக் கொடுப்பது, அதற்கிடையில் வாசற்படியில் கொஞ்ச நேரம் நிற்பது. மெற்றில்டா அவளை உட்காரச் சொன்னதில்லை. ஆனால் தைத்தபடியே பேசினாள். யாருக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, யார் அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்கிறாள் என்று சொல்லுவாள். மணிமொழி ஒருமுறை சத்தமாகச் சிரித்துவிட்டாள். தன் சிரிப்பு தனக்கே புதிதாகக் கேட்டது.

அடுத்த மாதம் மெற்றில்டாவின் எடை இறங்கவில்லை.

"பாத்தியா, மிசினு சரியாயிருச்சு," என்றாள் அவள்.

*

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெசிந்தா மாடிக் கதவைத் தட்டினாள். மெற்றில்டாவுக்கு வாந்தியும் பேதியும், கண் செருகிக் கிடக்கிறாள், ஆட்டோ வந்துகொண்டிருக்கிறது, கூட வா என்றாள்.

தெருக்கோடி வீட்டுக்குள் மணிமொழி அன்றுதான் முதன்முதலாக நுழைந்தாள். அடுப்பின்மேல் அவளுடைய கிண்ணம் இருந்தது. அடியில் கொஞ்சம் குழம்பு ஒட்டியிருந்தது. போன வியாழக்கிழமை கொடுத்தது. குனிந்து மோந்து பார்த்தாள். புளித்து நாறியது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றிய பிறகு மெற்றில்டா கண் திறந்தாள். ஜெசிந்தா வீட்டுக்குப் போயிருந்தாள். மணிமொழி மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அன்னைக்கே சாப்பிடலையா அக்கா?"

"ஆக்னஸ் சனிக்கெழம வாரேன்னுச்சு. மீனுன்னா அதுக்கு உசுரு. எடுத்து வச்சேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வரல. பரீட்சையாம். நேத்து ராத்திரி நானே சுட வச்சுத் தின்னேன்."

"கெட்டுப்போயிரும்னு சொன்னேனே. மருந்து அடிக்கலன்னு சொன்னேனே அக்கா."

மெற்றில்டா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். சின்னப் பிள்ளைக்கு எதையோ புரியவைக்கப் போகிறவள் போல.

"எல்லாரும் அப்பிடித்தானளா சொல்லுவோம்."



"புளிச்சுத்தான் இருந்துச்சு," என்றாள் மெற்றில்டா. "மலங்காட்டுக்காரி நீ வச்ச கொழம்பு, இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாக முடிந்தது.

கெட்டுப்போவது என்றால் என்ன என்பதையே ஊர் மறந்திருந்தது. மோந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது. எல்லார் வீட்டுச் சோறும் காத்திருக்கும்போது மணிமொழியின் கிண்ணமும் காத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதை நினைக்காமல் போனது அவள் ஒருத்திதான்.

*

ஒரு வருடத்துக்கு மேலாக உணவு விஷம் என்று ஒன்றே இல்லாத ஊரில் ஒன்று வந்துவிட்டது. மறுநாளே இளங்கோவன் வந்தார். வார்டுக்குள் வந்தவர் மெற்றில்டாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். ஆரஞ்சுப் பழங்களைப் பக்கத்து மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தக் குழம்பு எங்கேர்ந்து வந்ததும்மா?"

மணிமொழி சுவரோடு ஒட்டி நின்றாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"நாந்தான் வச்சேன்," என்றாள் மெற்றில்டா. "மருந்து அடிக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"தச்சுக்கிட்டே இருந்தேன். மறந்துபோச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். மணிமொழியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். வராந்தாவில் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

"நல்லவேளை, பிழைச்சுட்டாங்க. இதுலேர்ந்து ஒண்ணு தெளிவாகுது. குப்பியை வீட்டுக்காரங்க கையில விட்டது நம்ம தப்பு. இனிமே கரையிலயே, களத்துலயே, அரைக்கிற இடத்துலயே அடிச்சாதான் விக்க முடியும்னு கொண்டுவரணும். பாத்திரத்துக்கே பூசிடலாம். மறதிக்கு இடமே இல்லாம." அவர் முகத்தில் உண்மையான ஆறுதல் தெரிந்தது. "வர்ற வாரம் இதை எடுத்துக்கிறதைப் பத்திப் பேச நாப்பது நாட்டுக்காரங்க கூடறாங்க. அறிக்கையை நான் எழுதிடறேன். களத்துல இருந்தவங்கிற முறையில நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"சாயங்காலம் சொல்றேன் சார்," என்றாள் மணிமொழி.

உள்ளே திரும்பி நடக்கும்போது அவள் மனது விசித்திரமாக லேசாகியிருந்தது. மணிமொழியின் வேலை போய்விடும் என்று தெரிந்து, கேட்காமலே, ஒருத்தி அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அப்படி யாரும் அவளுக்காக எதையும் செய்ததில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெற்றில்டாவின் கையைத் தொட்டாள்.

"எனக்காக நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் அக்கா. நான் உண்மையைச் சொல்லிடறேன். சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும். ஊர்ல கொடுக்கிறது நின்னதுனால நீங்க..."

மெற்றில்டா கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்காவா? ஒனக்காக என்னத்துக்குளா நான் சொல்லப் போறேன்? நீ குடுத்தன்னு சொன்னா, நான் வாங்கித் தின்னேன்னுல்லா ஆவும்." அவள் குரல் தாழ்ந்து கடினமாயிற்று. "அந்த ஆளு எழுதுவாரு. நாப்பது நாட்டுல வாசிப்பாவ. சங்குமுனையில ஒருத்தி கிண்ணம் வாங்கித் தின்னு கெடந்தான்னு. ஆக்னஸ் காலேஜுல வாசிப்பாவ. நீ மட்டும் அதச் சொன்ன, நான் இந்தக் கட்டில விட்டு எந்திரிச்சு அந்தத் தெருவுக்குள்ள வரமாட்டேன். சொல்லிட்டேன்."

மணிமொழி கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு அவள் தங்கை தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லமாட்டேன் அக்கா," என்றாள் கடைசியில்.

எழுந்து வராந்தாவுக்குப் போய் இளங்கோவனைப் போனில் அழைத்தாள்.

"சார், நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஏன்?"

"அறிக்கையில இருக்கப்போறது உண்மையில்ல."

"எது உண்மையில்ல?"

அவள் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மணிமொழி, காரணம் சொன்னா நான் யோசிக்கலாம். காரணமே இல்லாம ஒரு அறிக்கையை நிறுத்த முடியுமா?"

"காரணம் இருக்கு சார். அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல."

 அவர் சோர்வாகச் சொன்னார்: "நீ போடலன்னா வேற ஒருத்தரை அனுப்பிப் போடுவோம். உன் இடத்துக்கும் அவரே வருவார். இது நிக்காது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டாள். இனி நாற்பது நாடுகளில் அது சரிந்து வந்து தரையைத் தொடும். எத்தனையோ பிள்ளைகள் வயிறு நிறையத் தூங்கும். அதை அவள் விரும்பினாள். எத்தனையோ தெருக்களில் யாராவது ஒருத்தி கிண்ணத்தோடு பாதிப்படி ஏறி, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் இறங்குவாள். அதை எந்த மெஷினும் காட்டாது.

பொழுது சாய்ந்ததும் வார்டில் கஞ்சி கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டி கடைசிக் கட்டிலுக்கு வந்து சேர நேரமாயிற்று. மெற்றில்டா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து தூக்குப்பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். மணிமொழி கிளம்புவதற்காகப் பையை எடுத்தாள். 

"எங்க போற?"

"ரூமுக்கு. சாமானெல்லாம் கட்டணும் அக்கா."

மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தூக்கின் மூடியைக் கழற்றி மல்லாத்தினாள். பாதிக் கஞ்சியை அதில் ஊற்றி, மேசையில் ஆரஞ்சுப் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இம்புட்டையும் எவ குடிப்பா? ஆளு அளவு தெரியாம ஊத்திட்டுப் போறாவ. எடுத்துக் குடி. ஆறிப்போயிரும்."

மணிமொழி பையைக் கீழே வைத்தாள். மூடியை இரண்டு கைகளாலும் எடுத்தாள். தகரம் சில்லென்றிருந்தது. கஞ்சி எப்போதோ ஆறி, மேலே உடைந்த ஏடு மிதந்தது.

அவள் அதை ஊதி ஊதிக் குடித்தாள்.